தொங்கியது வேறு கிராங்க்!

வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணி ஐந்து நிமிடம்.

செல்போன் அலறியது.

லாரிக்காரம்மா கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"தங்கச்சி... உடனே பட்டறைக்கு வா. உன் கிராங்க் ஷாஃப்டைக் காணோம்!"

"என்னண்ணே, காலங்காத்தால விளையாட்டு?"

"நான் எப்பம்மா விளையாடியிருக்கேன்?"

உண்மைதான். பேசியவர் லேத் பட்டறைக்காரர். ஊர் வைத்த பெயர் 'மைக்ரோமீட்டர்'. அளவு விஷயத்தில் பொய்யே சொல்லாதவர். தனக்குச் சட்டை அளவெடுத்த தையல்காரரையே மூன்று முறை திருத்தியவர்!

அவள் திரும்பினாள்.

அவளுடைய ஒரே லாரி முகத்தைத் திறந்து போட்டபடி நின்றது. இன்ஜின் பிளாக் காலி வயிற்றோடு பக்கத்தில் கிடந்தது. பிஸ்டன்களைத் தாங்கிச் சுழலும் கிராங்க் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி!

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த லாரி டைல்ஸ் ஃபாக்டரி வாசலில் நிற்க வேண்டும். நின்றால் ஒரு வருஷ லோடு அவளுக்கு. நிற்காவிட்டால்... பட்டியலில் அடுத்த ஆள் 'ஏழு லாரி'.

ஏழு லாரி வைத்திருப்பதால் அந்தப் பெயர். எட்டாவதற்கு அலைவதால் அந்தக் குணம்!

"என்னங்க!"

லாரிக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. மெக்கானிக். அவள் கணவர்.

"கிராங்க் திருட்டுப் போச்சாம்!"

"எண்பது கிலோ இரும்புடி... எவன் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போனான்?"

பட்டறை.

எண்ணெய்த்தாள் சுற்றிய கிராங்க் ஒன்று கொக்கியில் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதோ தொங்குதேண்ணே!"

"தாளைப் பிரிச்சுப் பாரு. உன்னோடதை அரை மில்லிமீட்டர் குறைச்சுக் கிரைண்ட் பண்ணியிருந்தேன். கண்ணாடியா மின்னும். இது பாரு... மூஞ்சி கழுவாத மாப்பிள்ளை மாதிரி! யாரோ மாத்திட்டாங்க."

மெக்கானிக் தலையில் கைவைத்தார். "அந்த அளவுக்குத்தானே மச்சான் பேரிங் வாங்கி வச்சிருக்கேன். வேற கிராங்க் தேடிக் கிரைண்ட் பண்ண எத்தனை நாள்?"

"ஒரு வாரம்."

லாரிக்காரம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து இங்க யார் யார் வந்தாங்க?"

குரல் வாசலிலிருந்து வந்தது. மைக்ரோமீட்டர் போன் செய்து வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மா!

"ஏழு லாரி வந்தாரு மேடம். நான் உள்ள சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப, ரெண்டு ஆளோட வேன்ல வந்து சிலிண்டர் ஹெட்டை இறக்கிட்டுப் போனாரு. அவர் லாரி ஒண்ணும் இதே இன்ஜின்தான். அதுவும் திறந்து கிடக்கு."

"மாத்தினதைப் பார்த்தீங்களா?"

"இல்லையே..."

"அப்ப நான் போய்க் கேட்டா அவர் சிரிப்பார். வக்கீலைக் கூப்பிடுவார். அதுக்குள்ள உங்க கிராங்க் எங்கேயோ போயிருக்கும்."

மைக்ரோமீட்டர் கொக்கியருகே போனார். தொங்கிய கிராங்க்கை இறக்கினார். துடைத்தார். காந்தம் வைத்து, ஏதோ கறுப்புப் பொடியைத் தூவினார். உற்றுப் பார்த்தார். பிறகு மயிரிழை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியை எடுத்து ஒவ்வொரு இடமாக அளந்தார்.

"அடேயப்பா!"

"என்னண்ணே?"

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏழு லாரியா? உங்க ஹெட் வேலை முடிஞ்சுது. அப்புறம் ஒரு கூத்து கேளுங்க... எவனோ இங்க வந்து கிராங்க்கை மாத்திட்டுப் போயிருக்கான்!"

"அ... அப்படியா? அந்தம்மா பாவம்!"

"பாவம் அந்தத் திருடன்தான்! எடுத்துட்டுப் போனது அரை மில்லி குறைஞ்சது. விட்டுட்டுப் போனது கம்பெனி கொடுத்த ஸ்டாண்டர்ட் சைஸ், இன்னும் கிரைண்டே பண்ணாதது. நானே அளந்துட்டேன். மயிரிழைகூடத் தேய்மானம் இல்ல!"

மறுமுனையில்...

டொக்!

மெக்கானிக் துள்ளினார். "மச்சான்! அப்ப இதையே மாட்டிடலாமே! இப்பவே போய் ஸ்டாண்டர்ட் பேரிங் வாங்கிட்டு வர்றேன்!"

"தொட்டே... கையை ஒடிச்சிருவேன்!" என்றார் மைக்ரோமீட்டர்.

பதினோரு நிமிடம்.

வாசலில் ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் டிரில்லிங் மெஷினுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"அது என் கிராங்க்!" மூச்சிரைக்க நுழைந்தார் ஏழு லாரி.

"உங்களோடதா? இங்க எப்படி வந்துச்சு?" என்றாள் லாரிக்காரம்மா, பச்சைப்பிள்ளை முகத்தோடு.

"நான்தாம்மா தொங்கவிட்டேன்! என் மெக்கானிக் தடியன் கிராங்க் போச்சு போச்சுன்னு சொன்னான்... பார்த்தா புதுசாம்! உன் பளபளப்புக் கிராங்க் வேன்லயே இருக்கு, எடுத்துக்கோ. என்னோடதைக் கொடு!"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நிதானமா இன்னொரு தடவை சொல்லுங்க சார். எழுதிக்கணும்ல?"

ஏழு லாரியின் முகம் ரிவர்ஸ் கியரில் விழுந்தது!

இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏழு லாரியை உள்ளே தள்ளிவிட்டு, பளபளப்பை அன்றைக்கே லாரிக்காரம்மாவிடம் ஒப்படைத்தார்.

திங்கட்கிழமை. காலை ஒன்பது மணி.

லாரிக்காரம்மா சாவியைத் திருகினாள்.

இன்ஜின் இருமியது... ஒரு கறுப்புப் புகை... அப்புறம் ஒரே உறுமல்!

"ஆயில் பிரஷர்?" கத்தினார் மைக்ரோமீட்டர்.

"முள்ளு நிமிர்ந்து நிக்குதுண்ணே!"

மெக்கானிக் சந்தோஷத்தில் ஸ்பேனருக்கு முத்தம் கொடுத்தார். மனைவி பார்த்ததும் அசடு வழிந்தார்.

"எனக்கு ஒருநாள் இப்படிக் கொடுத்திருப்பீங்களா?"

லாரி ஃபாக்டரி பக்கம் திரும்பிய அதே நிமிடம், மைக்ரோமீட்டரின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"என்னங்க, இந்த மனுஷன் உயிரை வாங்குறார்! சாப்பாடு கேக்கல, வக்கீல் கேக்கல... 'என் புது கிராங்க் பத்திரமா'ன்னு மணிக்கொரு தரம் கேக்குறார்!"

"அது வந்து மேடம்... நட்ட நடுவுல விரிசல். பொடி தூவினதுமே கோடு தெரிஞ்சுது. இரும்புக்கடைக்குத்தான் லாயக்கு."

"அய்யய்யோ! அப்ப அன்னைக்குப் பொய்யா சொன்னீங்க?"

"நானா? அளவைச் சொன்னேன். தேய்மானம் இல்லன்னேன். ரெண்டும் சத்தியம்! விரிசலைப் பத்தி அவர் கேக்கவே இல்லையே?"

"நல்ல ஆளுய்யா நீர்! இப்ப நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?"

"தைரியமாச் சொல்லுங்க மேடம்... அவர் வெளியே வர்ற வரைக்கும் அது மயிரிழைகூடத் தேயாதுன்னு!"