குட்டிக்கே முதல் மடக்கு

தெருவில் நின்ற எல்லா வண்டிகள் மேலும் உறைபனி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது, அவர்கள் வண்டியைத் தவிர. அதன் கூரையிலும் கண்ணாடியிலும் பனி இருந்தது. பானெட் மட்டும் துடைத்து வைத்ததுபோல் சிவப்பாகத் தெரிந்தது. நியேவெஸ் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சாவி முந்தாநாளிலிருந்து அவளுடைய தலையணைக்கு அடியில்தான் கிடந்தது, வண்டியை யாரும் எடுக்கவில்லை. கொஞ்சம் சூடு கிடைத்தால் விடாத தெருநாய்கள்கூட அதன் பக்கம் வராமல் எதிர்ச்சுவர் ஓரமாகச் சுருண்டு கிடந்தன.

"சூடா இருக்குய்யா," என்றாள்.

ஆயில் டப்பாவோடு வாசலில் நின்ற அவள் புருஷன் கிரோவர் சிரித்தான். "வெயில் பட்டிருக்கும்."

"இந்த எல் ஆல்தோ ஊர்ல இன்னும் யாருக்கும் விடியல. உன் வண்டிக்கு மட்டும் சூரியன் தனியா வந்துட்டுப் போச்சாக்கும்?"

அவன் டப்பாவோடு வண்டிக்கு வந்தான். வாசலிலிருந்து வண்டி வரை நடந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. காற்று குறைந்த இந்த உயரத்திலேயே பிறந்து, இங்கேயே பந்து விளையாடி வளர்ந்தவன், இந்த ஒரு வருடமாகச் சட்டைப் பொத்தான் போட்டாலே நடுவில் நிறுத்தி மூச்சு இழுக்கிறான். உதடு ஊதா நிறத்துக்குப் போய்விட்டது. டாக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார். ராத்திரி பகலாகப் பெட்ரோல் வாடையில் கிடந்தால் இப்படித்தான் ஆகும் என்று நியேவெஸ் முடிவு கட்டியிருந்தாள். வண்டி ஒழிந்தால் புருஷன் பிழைப்பான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ரக இன்ஜின் வண்டி ஓட்டுகிறவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் குட்டி. மூன்றே சிலிண்டர், மேலே காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளும் ஒரு டர்போ. மற்ற பெட்ரோல் வண்டிகளெல்லாம் மேட்டில் முக்கி முனகும்போது குட்டி மட்டும் விசிலடித்துக்கொண்டு முந்திப் போகும். அந்த விசிலில்தான் ஆம்பிளைகள் விழுந்தார்கள். ஆயிலைத் தண்ணீராய்க் குடித்தது, கொஞ்சினார்கள். பிஸ்டன் உருகியது, மாற்றிவிட்டுக் கொஞ்சினார்கள். டர்போவின் இறக்கை ஒடிந்து உள்ளே போய் எல்லாவற்றையும் அரைத்துத் தள்ளியது, அதற்கும் ஒரு சிரிப்பு. அவளுடைய சொந்த அண்ணன் ரிம்பெர்த்தோதான் இந்தக் குட்டிக்காரர்களுக்குத் தலைவன். உருகிப்போன தன் பிஸ்டனின் படத்தைப் பேரப்பிள்ளை படம் மாதிரி ஊரெல்லாம் காட்டுவான். தன் மகளின் ஞானஸ்நானத்தன்று புதுப் பாவாடையும் தொப்பியுமாக நியேவெஸ் நடுரோட்டில் நின்றுபோன தங்கள் வண்டியைத் தள்ளினாள். பஸ்ஸில் போனவர்கள் கைதட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று அதற்கெல்லாம் முடிவு. மலைக்கு அந்தப் பக்கம் கொரொய்கோ ஊரில் ஒரு காப்பித் தோட்டக்காரர் வண்டியை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். மத்தியானத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு, மினிபஸ்ஸில் திரும்பி வந்துவிடலாம்.

நகரத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் குட்டி பாட ஆரம்பித்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு திணறல் இல்லை.

"கேட்டியா? எப்படிப் போகுது பாரு! இதைப் போய் விக்கச் சொல்றியே!"

"விக்கப் போறோம்னு தெரிஞ்சதும் நடிக்குதுய்யா."

"அது நடிக்காதுடி. பசிக்கு அழும், வயிறு நிறைஞ்சா சிரிக்கும்." இதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு இழுத்தான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழுப்பு மலைச்சரிவில் நீண்ட கழுத்து லாமா ஆடுகள் மேய்ந்தன, ஒவ்வொன்றின் மூக்கிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்தது. அவள் விட்ட மூச்சும் கண்ணாடியில் வட்டமாகப் படிந்தது. அவன் பக்கத்துக் கண்ணாடி துடைத்ததுபோல் இருந்தது. ஹீட்டர் அந்தப் பக்கம்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது என்று நினைத்தாள். குட்டி வண்டியில் எது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது?

கணவாயை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. பகல் பத்து மணிக்கு விளக்குப் போட வேண்டியதாயிற்று. பாறைகள் மறைந்தன, ரோட்டோரச் சிலுவைகள் மறைந்தன, ஈரமண் வாடையும் சூடான ஆயில் வாடையும் மட்டும் உள்ளே வந்தன. ஒரு வளைவில் கிரோவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். வேகம் குறைந்தது, விசில் குறையவில்லை. அது இன்னும் மெலிந்து, இன்னும் உயர்ந்து, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சும் சத்தமாக மாறியது. முன்னால் பனி விலகி வழிவிடவில்லை. இரண்டு பக்கமிருந்தும் கயிறு கயிறாகத் திரண்டு வந்து பானெட்டுக்குக் கீழே நுழைந்துகொண்டிருந்தது.

"காலை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் கத்துது?"

"உச்சி வந்துடுச்சில்ல. அதுக்குத் தெரியும்."

உச்சியில் காணிக்கைக் கற்குவியலுக்குப் பக்கத்தில் குட்டிக்காரர்கள் நான்கைந்து பேர் வழியனுப்ப வந்து நின்றார்கள். அவர்களுடைய வண்டிகளும் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நியேவெஸுக்குக் கோபம் தலைக்கேறியது. இது என்ன, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறார்களா?

இறக்கத்தில் இறங்குமுன் எந்த டிரைவரும் இங்கே நிறுத்தாமல் போகமாட்டான். சாராயத்தைத் திறந்து முதல் மடக்கைப் பூமித்தாய்க்கு ஊற்றுவான், மிச்சத்தைத்தான் டயருக்குத் தெளிப்பான், தானும் குடிப்பான். அவள் அப்பா அப்படித்தான் செய்தார், லாரிக்காரர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். குட்டிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தது குட்டிதானே, மண் என்ன செய்தது என்று ரிம்பெர்த்தோ ஒருநாள் விளையாட்டாகக் கேட்டான். அன்றிலிருந்து முதல் மடக்கு இன்ஜின் காற்று இழுக்கும் வாயில்தான். ஒரு சின்ன மூடியளவு. அதற்கப்புறம் வண்டி நன்றாக ஓடியது என்று சத்தியம் செய்தார்கள்.

கிரோவர் இன்ஜினை நிறுத்தாமலே இறங்கிப் பானெட்டைத் தூக்கினான். சாராயப் பாட்டிலைத் திறந்தான்.

"யோவ், மொதல்ல மண்ணுக்கு ஊத்து."

"சும்மா இருடி. கடைசித் தடவை. அதுக்குத்தான் மொதல்ல."

ஒரு வருடத்து எரிச்சலெல்லாம் அவள் கைக்கு வந்தது. பாட்டிலைப் பிடுங்கிக் கற்குவியலுக்குப் போனாள், கவிழ்த்துப் பிடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும். மண் உறிஞ்சிக்கொண்டது.

"ஆச்சு! இன்னிக்கு அதுக்கு ஒண்ணும் கிடையாது. பட்டினியா போகட்டும் கொரொய்கோவுக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. ரிம்பெர்த்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"என்ன தங்கச்சி இப்படிப் பண்ணிட்ட," என்றான். "இப்ப அதுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

அப்போதுதான் பார்த்தாள். அவ்வளவு குளிரில் அவன் பேசினான், வாயிலிருந்து ஆவி வரவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கும் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்றவனுக்கும். எல்லோருடைய உதடும் ஊதா. அவளுடைய மூச்சு மட்டும் வெள்ளையாகப் போய் வந்துகொண்டிருந்தது.

அவள் வண்டிக்கு ஓடினாள். கிரோவர் பானெட்டுக்குள் குனிந்து நின்றான், சமாதானம் சொல்கிறவன் மாதிரி இன்ஜினைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு. அவன் வாயிலிருந்து ஆவி வந்தது. கொஞ்சமாக. மேலே எழவில்லை, கலையவில்லை. நூல் மாதிரி இறங்கி, காற்று இழுக்கும் அந்தக் கறுப்பு வாய்க்குள் போனது. அறுபடாமல். அவன் திரும்ப மூச்சு இழுக்கவே இல்லை.

"விடுய்யா! வா இங்க!"

தோளைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. கதவைத் திறந்து உள்ளே சாய்ந்து சாவியைத் திருப்பிப் பிடுங்கினாள். டாஷ்போர்டு விளக்குகள் அணைந்தன.

இன்ஜின் நிற்கவில்லை.

விசில் இன்னும் மேலே போனது. பல்லுக்குள் கூசியது. மற்ற வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே சுருதியைப் பிடித்துக்கொண்டன.

நூல் மெலிந்தது. இழை. பிறகு அதுவும் இல்லை.

கிரோவர் நிமிர்ந்தான். ஒரு வருடமாக அவன் முகத்தில் இல்லாத நிம்மதி. மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

"பயப்படாத நியேவெஸ்," என்றான். "வலிக்கல. இப்பப் பாரு, எவ்ளோ நல்லா ஓடுதுன்னு."

அவன் வாயில் துளி ஆவி இல்லை.

"கிரோவர்!" என்று கத்தினாள்.

அவன் பெயர் வெள்ளையாக வெளியே வந்தது. முகத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு வளைந்தது. ஸ்டீயரிங்கைத் தாண்டி, டாஷ்போர்டின் காற்றுத் துவாரத்துக்குள் போனது. விசில் ஒரு படி ஏறியது.

வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கையாலும். மூக்கையும் சேர்த்து.

அவர்கள் வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் அவளைத் தொடவில்லை. அவசரப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நிற்கிற மாதிரி, தொப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆவி வராத வாய்களைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு. கிரோவர் பானெட்டை மெதுவாக மூடிவிட்டு அவளையே ஆசையோடு பார்த்தான்.

நெஞ்சு வெடித்தது. கண் இருட்டியது.

அவள் விரலிடுக்கிலிருந்து, நூல்போல வெள்ளையாக, ஒன்று வெளியே வரத் தொடங்கியது.