அம்மா இன்னும் குளிக்கவில்லை

“தீப்பெட்டியக் குடு செல்வி, அந்தப் பிள்ளை நாளைக்கு ஊருக்குப் போகணும். உங்கம்மா அடுப்பு பத்த வைக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ…”

“தர மாட்டேன். அம்மா இன்னும் குளிக்கல.”

புது அடுப்பை மறித்துக்கொண்டு நின்றாள் ஐந்தாம் வகுப்புப் பாண்டிச்செல்வி. எதிரே சங்கரலிங்கம் மாமா. அவருக்குப் பின்னால் கேமராவோடு ஹன்னா. வீடுகளில் புகையில்லா அடுப்பும் தண்ணீர் ஃபில்டரும் வைத்துத் தருவதற்காகக் கடல் கடந்து வந்தவள். அவள் பேசுவதைத் தமிழில் சொல்வது மாமாவின் வேலை.

வாசலில் அம்மா சண்முகத்தாய் தயங்கி நின்றாள். பட்டாசு கம்பெனி வேன் இப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்தது. சேலை, தலைமுடி, இமை எல்லாம் வெள்ளிப் பொடி. வெடிக்குப் போடும் மருந்து அது. அந்தத் தெருவில் வேனை விட்டு இறங்குகிறவர்கள் தலைக்குக் குளித்த பிறகுதான் அடுப்படிக்குப் போவார்கள். அதற்கென்றே வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் இருக்கும்.

இன்று டிரம் காலி.

“தண்ணிய என்ன செஞ்சீக, மாமா?”

“அடுப்புக்கு மண்ணு குழைச்சோம்ல.”

“யாரக் கேட்டு எடுத்தீக?”

“பாசி பிடிச்ச தண்ணிதானேம்மா. அதான் குடிக்க நல்ல தண்ணி குடுத்திருக்கோம்ல.”

“அது அம்மா குளிக்கிற தண்ணி. குழாய்ல இனி நாளைக்குத்தான் வரும்.”

“சரி, கைய மட்டும் தொடச்சுட்டு…”

“தலைய? சேலைய? பத்திக்கிட்டா நீங்க வந்து ஊதி அணைப்பீகளா?”

“செல்வி, விருந்தாளி முன்னால இப்படியா பேசுவ?” என்றாள் அம்மா.

“நீ அங்கனயே நில்லும்மா. உள்ள வராத.”

தீப்பெட்டியைப் பாவாடையில் செருகிக்கொண்டாள். வாளியை இழுத்து ஃபில்டருக்கு அடியில் வைத்துக் குழாயைத் திறந்தாள்.

“ஏ புள்ள, ஃபில்டர் தண்ணில யாராச்சும் குளிப்பாகளா?”

“எங்கம்மா குளிப்பா.”

“அப்புறம் குடிக்க?”

“இன்னைக்கு நீங்க கொண்டாந்து குடுங்க.”

ஹன்னா என்னவென்று கேட்டாள். மாமா ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார்.

“முழுசாச் சொல்லுங்க மாமா. டிரம்மக் காலி பண்ணினதையும் சொல்லுங்க.”

மாமா சொன்னார். ஹன்னாவின் முகம் சிவந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, வாளியைத் தானே தூக்கிக்கொண்டு, குளிக்க மறைப்பாகக் கட்டியிருந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் போனாள்.

அம்மா ஈரத் தலையில் துண்டு சுற்றி, மாற்றுச் சேலையோடு வந்த பிறகுதான் தீப்பெட்டி கைமாறியது. அடுப்பு பற்றியது. புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போனது. அம்மா இருமவில்லை.

“நல்ல அடுப்புதான்,” என்றாள் பாண்டிச்செல்வி, கொஞ்சம் முறைப்பாகவே.

மாமா பெருமூச்சு விட்டார். “அப்பாடா. அடுத்து பக்கத்து வீடு, சொர்ணலட்சுமி வீடு.”

பாண்டிச்செல்வி மறுபடியும் வாளியை ஃபில்டருக்கு அடியில் வைத்தாள்.

“சொர்ணலட்சுமி அத்தை வர்ற வேனும் இப்ப வந்துரும். அவுக டிரம்மையும் காலி பண்ணிட்டீகளா, மாமா?”