ஜன்னலில் இருந்த சொம்பு

காலை மணி 7.10. சேவூரில் சம்பந்தத்தின் மாட்டுப் பண்ணை. அங்கே விருந்தினர்களுக்கென்று கட்டியிருந்த ஓட்டு வீட்டில், கட்டில் மேலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்தார் மெட்ராஸ்காரர் சிவப்பிரகாசம். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு வீடு அதிரக் கத்தினார்.

பெட்டி காலி. அரக்கு நிறம், உடல் முழுக்கச் சரிகைக் கட்டம், சம்பந்தத்தின் கடையில் சொல்லிவைத்து ஒரு மாதம் தறியில் கிடந்து வந்த முகூர்த்தப் புடவை அதில் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் மகள் தீபா கட்டிக்கொள்ள வேண்டிய புடவை.

அது 1999, பங்குனி. வேப்பம்பூ கொட்டுகிற மாதம், மாடுகள் வரிசையாகக் கன்று போடுகிற மாதம். ஆரணியில் பட்டு வியாபாரம், ஊர் ஓரத்தில் எட்டு மாடுகள், பட்டணத்துக்காரர்கள் நாலு நாள் காற்று வாங்க வாடகைக்கு ஒரு வீடு. சம்பந்தத்துக்கு எதிலும் குறையில்லை, பொறுமை ஒன்றைத் தவிர. கத்தல் கேட்ட ஐந்தாவது நிமிடம் பண்ணைக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். பத்தாவது நிமிடம், பால் கறக்கிற பாஞ்சாலையைத் தீவன அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். அந்த வீட்டைப் பெருக்குகிறவள் அவள்தானே, வேறு காரணம் எதற்கு?

"ஒன்பது மணிக்கு போலீஸ் ஜீப் வருது. அதுவரைக்கும் ஒருத்தரும் வெளிய போவக் கூடாது!"

இதில் அநியாயமாக மாட்டிக்கொண்டவர் கால்நடை ஆய்வாளர் ஜீவானந்தம். விடிகாலை ஐந்தேகாலுக்குக் கன்று ஈன்ற செவலைப் பசுவுக்குக் கால்சியம் ஏற்ற ஏழு மணிக்கு வந்தவர். சேத்துப்பட்டில் இன்னொரு மாடு அவருக்காகக் காத்திருந்தது.

"சம்பந்தம், எனக்கு வேலை கீது. நான் புடவையா கட்டிகினு போவப் போறேன்?"

"பேஜார் பண்ணாதீங்க சார். எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

வேறு வழியில்லை. ஜீவானந்தம் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனார். குழாய்க்குப் பக்கத்தில் சாண எரிவாயுத் தொட்டி. சாணம் கரைக்கும் வாய்ப்பகுதியில் நேற்றைய சாணி காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் சாய்த்திருந்த துழாவும் கழி மட்டும் கை நீளத்துக்கு ஈரமாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

7.30. தீவன அறையின் மரச்சட்ட ஜன்னலுக்குள் பாஞ்சாலையின் முகம் தெரிந்தது. உள்ளே புண்ணாக்கு மூட்டை, தவிட்டுத் தூசி. அவளுக்கு இருமல் நிற்கவில்லை.

"சார், நான் எடுக்கல. ஒருவாட்டி திருட்டுப் பேரு வந்துட்சின்னா இந்த ஊர்ல எவன் வீட்லயும் வாசப்படி மிதிக்க முடியாது. எம் பொழப்பே போச்சு சார்."

"அழாத. காலைல இருந்து இன்னா பண்ண, சொல்லு."

"நாலரைக்கு ஏழு மாட்டையும் கறந்தேன். அஞ்சே முக்காலுக்கு எல்லாப் பாலும் வேன்ல போச்சு. அப்பறம் செவலைகிட்டயே கெடந்தேன். ஆறு மணிக்கு அதுகிட்ட ஒரு சொம்பு பீச்சி, அந்த வீட்டு ஜன்னல்ல வெச்சேன். மெட்ராஸ்காரங்களுக்கு இனிப்பு செஞ்சு குடுக்கலாம்னு."

"வீட்டுக்குள்ள போனியா?"

"இன்னும் பெருக்கவே இல்ல சார். சாணி கூடக் கரைக்கல."

"இதை முதலாளிகிட்டச் சொன்னியா?"

"எங்க சார் கேட்டாரு?"

7.45. விருந்தினர் வீடு. சம்பந்தம் வைக்கோல் போரைக் கலைத்து, ஆட்டுப் பட்டியைக் கிளறி, தன் தோப்பு மாமரத்தின் மேல்கூட ஏறிப் பார்த்துவிட்டு வந்து மூச்சு வாங்கினார். புடவை எங்கும் இல்லை.

"ஆறு மணிக்குப் பெட்டியைப் பாத்தேன். இருந்தது," என்றார் சிவப்பிரகாசம். "கன்னுக்குட்டி பாக்கலாம்னு சம்பந்தம் கூப்பிட்டார். ஆறரை வரைக்கும் ரெண்டு பேரும் கொட்டகையிலதான் நின்னோம்."

"பாஞ்சாலை?"

"அவளும் அங்கதான். நடுவுல ஒரு தடவை சொம்போட போய் வந்தா. அப்பதான் எடுத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

ஜீவானந்தம் தீபாவைப் பார்த்தார். இருபத்து நாலு வயது. நாற்காலி நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வரலையாம்மா, கன்னுக்குட்டி பாக்க?"

"இல்ல. தலைவலி. சமையலறையில காபி போட்டுக் குடிச்சிட்டு இருந்தேன். யார் உள்ள வந்தாங்கன்னு கவனிக்கல."

"அரை மணி நேரமுமா?"

"ஆமா."

"பால் ஏது?"

"ஜன்னல்ல சொம்புல இருந்தது."

"காபி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்தது. கெட்டிப் பால்."

"கொதிக்க வெச்சா?"

"கொதிக்க வெச்சுதான்."

சிவப்பிரகாசத்துக்குப் பொறுமை போயிற்று. "சார், நீங்க மாட்டு டாக்டர். எம் பொண்ணுகிட்ட காபியைப் பத்தி என்ன விசாரணை?"

ஜீவானந்தம் ஜன்னல் பக்கம் போனார். சொம்பை எடுத்தார். கனமாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் அரை டம்ளர் ஊற்றி அடுப்பில் வைத்தார். மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் கலந்த அந்தப் பால் சூடேறியது, ஓரத்தில் இறுகியது. கொதி வருவதற்குள் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது.

"சீம்பால்," என்றார் ஜீவானந்தம். "கன்னு போட்ட மாட்டோட முதல் பால். வெல்லம் போட்டுக் கிண்டித் தின்னலாம். காபி போட முடியாது, உலகத்துல யாராலயும். இது அந்தச் செவலையோட பால். இன்னிக்கு இந்தப் பண்ணையில வேற சொட்டுப் பால் கெடையாது, எல்லாம் வேன்ல போயாச்சு."

தீபாவின் முகம் வெளுத்தது.

"சமையலறையில நீங்க இல்லம்மா. ஜன்னல்ல சொம்பைப் பாத்தீங்க, அதை வெச்சு ஒரு கதை சொன்னீங்க. பால் கறக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். அவளைத்தான் மொதல்ல அடைச்சுட்டோமே."

"புடவை எங்க?" சம்பந்தம் கத்தினார்.

"இன்னிக்குச் சாணி கரைக்கலைன்னு பாஞ்சாலை சொல்றா. ஆனா கழி ஈரமா கீது. வைக்கோல்ல தேடினீங்க, மரத்துல தேடினீங்க. சாணித் தொட்டியில தேடினீங்களா?"

தீபாதான் பேசினாள், யாரையும் பார்க்காமல்.

"அப்பா வேலைய விடுன்னார், விட்டேன். மாப்பிள்ளையைப் பிடிக்கலன்னு நாலு தடவை சொன்னேன். புடவை இல்லைன்னா தள்ளிப்போடுவாங்கன்னு நெனச்சேன். நெய்ய ஒரு மாசம் ஆகும் இல்ல?"

சிவப்பிரகாசம் மகளை அடிக்கவில்லை. அதைவிட அமைதியாகச் சொன்னார்: "சம்பந்தம், கடையில ரெடியா வேற முகூர்த்தப் புடவை இருக்கும்ல?"

"இருக்குதுங்க. பத்து நிமிஷத்துல எடுத்தாந்துடலாம்."

"கெளம்புற வரைக்கும் இவ இங்கயே இருக்கட்டும்." மற்றவர்களோடு வெளியே வந்து அவர் கதவை இழுத்துச் சாத்தினார். நாதாங்கி விழுந்தது. பூட்டைப் பூட்டிச் சாவியை நிலைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார்.

ஜீவானந்தம் ஆணியில் ஆடிய சாவியைப் பார்த்தார். ஒருத்தியை வெளியே எடுக்கப் போய் இன்னொருத்தியை உள்ளே வைத்தாயிற்று.

8.20. அவரே தீவன அறையைத் திறந்தார். பாஞ்சாலை வெளியே வந்து ரொம்ப நேரம் மூச்சு இழுத்தாள். நடந்ததைக் கேட்டதும் அந்த ஓட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் உள்ள இருமிகினு கெடந்தது அந்தப் பொண்ணுக்குக் கேட்டிருக்கும் இல்ல சார்?"

"கேட்டிருக்கும்."

"வந்து தொறக்கலியே. வயிறு எரியுது சார்." தாழ்ப்பாளைத் தடவினாள். "ஒரு மணி நேரம்தான் அடைஞ்சு கெடந்தேன். அதுக்கே உயிர் போய்ட்சி."

கொல்லையில் சம்பந்தமும் சிவப்பிரகாசமும் கொக்கி போட்டுத் தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். சரிகைத் தலைப்பு சாணியோடு மேலே வந்தது.

"இந்தாங்க சார், தொறந்துகினு ஜல்தியா போங்க," என்று சம்பந்தம் கேட் சாவியை விட்டெறிந்தார். "பாஞ்சாலை! பொழுதுக்கும் நிக்காத, மாட்டைப் பாரு." மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

ஜீவானந்தம் கேட்டைத் திறந்து வண்டியை வெளியே நிறுத்தினார். பூட்டத் திரும்பியபோது, பாஞ்சாலை ஓட்டு வீட்டு வாசலில் எக்கி நின்று நிலைக்கு மேலே கை நீட்டுவதைப் பார்த்தார். அவர் சாவியைக் கேட்டிலேயே தொங்கவிட்டார். குனிந்து, ஒரு குறையும் இல்லாத வண்டிச் சங்கிலியை ஆராயத் தொடங்கினார். 8.40 டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அவர் நிமிரவில்லை. செருப்புச் சத்தம் ஒன்று அவரைத் தாண்டி ஓடியது.

8.55. போலீஸ் ஜீப் வந்து நின்றபோது சிவப்பிரகாசம் இரண்டாம் தடவையாகக் கத்திக்கொண்டிருந்தார். ஓட்டு வீட்டுப் பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி ஆணியில் இருந்தது, உள்ளே தீபா இல்லை.

"கேட்டைத் தொறந்து போட்டது யாரு?" என்று சம்பந்தம் உறுமினார்.

"நான்தான்," என்றார் ஜீவானந்தம். "வண்டி மக்கர். பூட்ட மறந்துட்டேன்."

"பூட்டின வீட்டுக்குள்ள இருந்து எப்படி சார் ஒரு பொண்ணு போவும்? நீங்கதான் எல்லாம் கண்டுபுடிக்கிறீங்களே, சொல்லுங்க!"

ஜீவானந்தம் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பாஞ்சாலை செவலையின் மடியில் கன்றை விட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவேயில்லை.

"எனக்கு மாட்டைப் பத்தித்தான் தெரியும் சம்பந்தம்," என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.