மூன்று தட்டு

முஜ்பில் கடைசியாகக் கையிலிருந்து கீழே வைத்தது ஒரு ஸ்பேனர். தர்பூசணித் துண்டை வாங்கிக்கொள்ளக் கை காலியாக வேண்டியிருந்தது. ஸ்பேனரை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார், நின்றபடியே தின்றார், விதைகளைக் கழுவுதொட்டியில் துப்பினார், முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு தட்டு கேக்காம சுவிட்சத் தொட்டுடாத, சாஜிதா. தொட்டேன்னா வேற புருஷனத்தான் தேடணும்."

"இந்தத் தடவ ஏசி ஒழுங்கா ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவனாப் பாத்துக்கறேன். ஏறுங்க, கரண்டு போயிடும்."

சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். கைகள் வெறுமையாக இருந்தன. அதை அவள் பார்த்தாள். பார்த்தது மனதில் ஏறவில்லை.

பஸ்ராவில் அந்தத் தெருவுக்கு இரண்டு கரண்டு. ஒன்று அரசுக் கரண்டு. நினைத்தால் வரும், இரண்டு மணி நேரம் நிற்கும், சொல்லாமல் போகும். மற்றது தெருமுனை ஜெனரேட்டர்காரன் கொடுப்பது. அதில் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், ஏசியின் கம்ப்ரஸர் மட்டும் கிளம்பாது. படுக்கையறைக் கதவுக்கு அருகில் சுவரில் ஒரு பெரிய கைப்பிடி சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் அரசு, கீழே இழுத்தால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் எதுவும் இல்லை. பழுது பார்க்கும்போது கைப்பிடி நடுவில் நிற்கும். வேலை முடிந்ததும் அரசுக் கரண்டு இருக்கும்போதே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஆனால் அரசுக் கரண்டு வந்த நிமிடத்தில் தெருவிலுள்ள அத்தனை மொட்டை மாடிகளிலும் ஏசிகளின் வெளிப்பெட்டிகள் ஒன்றாக இரையத் தொடங்கும். மேலேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. அதனால் முஜ்பில் ஒரு வழி வைத்திருந்தார். மாடியிலிருந்து சுவர் வழியாக அறைக்குள் இறங்கும் செப்புக் குழாயில், கறுப்பு உறையை உள்ளங்கை அகலத்துக்கு மேலே ஓரிடத்திலும் கீழே சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓரிடத்திலும் உரித்து வைத்திருந்தார். மேலே ஸ்பேனரால் தட்டினால் கீழே மணி மாதிரிக் கேட்கும். மூன்று தட்டு என்றால் போடு. ஒரு தட்டு என்றால் உடனே அணை.

அன்று மூன்று தட்டு கேட்டது. டங். டங். டங். சாஜிதா கைப்பிடியை மேலே தள்ளினாள்.

முஜ்பிலின் தம்பி நுஐம்தான் மாலையில் அந்த ஸ்பேனரைப் பார்த்தான். மாடியில் கரண்டு பாய்ந்து இறந்த அண்ணனைக் கீழே கொண்டுவந்து கிடத்தி, வீடு முழுக்க அழுகையும் ஆட்களுமாக இருந்தபோது ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு அவளிடம் வந்து, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு முறை கேட்டான்.

"அண்ணி, நல்லாக் கேட்டீங்களா? அப்ப அண்ணன் எதால தட்டினாரு?"

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளை ஒரு வருடமாகத் தின்றது. யாராவது இன்னொருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் போதும் என்று தோன்றும். இன்னொருவர் கேட்டிருந்தால், அவள் கொலைகாரி இல்லை. ஸ்பேனரை எடுக்க அவள் யாரையும் விடவில்லை. ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போதும் அதைச் சுற்றியே துடைத்தாள். படுக்கையறையைப் பூட்டிவிட்டு, கூடத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காற்றுக் கூலருக்கு முன்னால் படுத்துக்கொண்டாள்.

மகள் ரவா நாஸிரிய்யாவிலிருந்து பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் அந்த அறை பூட்டியே இருந்திருக்கும். ஆகஸ்ட் மாதத்தில், வளைகுடாவின் ஈரக்காற்று சுவரிலெல்லாம் வியர்க்கிற நாட்களில், பச்சைக் குழந்தையைக் கூலருக்கு முன்னால் போட முடியாது. நுஐமும் அதே தொழில்தான். மதியத் தொழுகை முடிந்து பையோடு வந்தான்.

அறையைத் திறந்ததும் ஒரு வருடத்துக் காற்று முகத்தில் வந்து மோதியது. ஜன்னலில் முஜ்பில் ஒட்டிய அட்டைகள் அப்படியே இருந்தன. அவற்றின் விளிம்பில் கோடாக நுழைந்த வெயிலில் தூசி அசையாமல் நின்றது. நாப்தலீன் உருண்டை வாசனை, பழைய மெத்தை வாசனை, அவற்றுக்கு அடியில் கருகிய ரப்பர் போல ஏதோ ஒன்று, தேடினால் கிடைக்காமல், தேடாதபோது மூக்கில் ஏறுவதாக. சுவிட்சின் கைப்பிடி நடுவில் நின்றது. யாரோ அன்று நடுவுக்குக் கொண்டுவந்தது.

நுஐம் உள்பெட்டியைக் கழற்றி மீட்டரை வைத்தான். புருவம் சுருங்கியது.

"என்ன?"

"நடுவுல நிக்குது. ஒண்ணும் காட்டக் கூடாது. அறுபது வோல்ட் காட்டுது."

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பக்கத்து ஒயர்லேருந்து ஒட்டிக்கிட்டு வர்ற திருட்டுக் கரண்டு. ஆளத் தொடாது, மீட்டர மட்டும் ஏமாத்தும்." முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "குழாய்ல தட்டுற கதையெல்லாம் வேணாம். நான் ஃபோன் பண்றேன். என் குரலக் கேட்டாத்தான் போடணும்."

"உன் குரலக் கேக்காம நான் பக்கத்துலகூடப் போகமாட்டேன்."

"மேல வெளிப்பெட்டி திறந்தே கிடக்குது, ஒரு வருஷமா. புறா குடும்பம் நடத்துதோ என்னமோ. வாடகை கேக்கறேன்," என்றான். அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. சிரித்தாள்.

அவன் காலடி படியேறிப் போனது. மாடிக் கதவு கிறீச்சிட்டது. பிறகு, அரசுக் கரண்டு வந்ததற்கு அடையாளமாக, தெரு முழுவதும் அந்த இரைச்சல் எழுந்தது. சாஜிதா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவிட்சுக்கு எதிரில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உரித்து விட்ட இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது. இரைச்சலுக்கு நடுவில் தன் மூச்சையும், கூடத்துக் கூலரில் தண்ணீர் சொட்டுவதையும், மாடித் தண்ணீர்த்தொட்டி வெயிலில் நெளிந்து முனகுவதையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். ஃபோன் ஒலிக்கவில்லை. அவள் கூப்பிட்டாள். தொடர்பில் இல்லை என்றது.

டங். டங். டங்.

குழாயிலிருந்து ஒரு துளி பச்சைத் தூள் தரையில் உதிர்ந்தது.

அவள் எழவில்லை. ஃபோன் பண்ணுகிறேன் என்றுதானே சொன்னான். குரல் கேட்டால்தான் என்றுதானே.

டங். டங். டங்.

அதே தட்டு. முதல் இரண்டும் சேர்ந்து, மூன்றாவது கொஞ்சம் பிந்தி. இருபத்தாறு வருடம் கேட்ட கை.

கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தன் எடையாலேயே அழுத்தி அவற்றின் மேல் உட்கார்ந்தாள். மேலே நுஐம் திறந்த பெட்டிக்குள் விரல்களை விட்டுக்கொண்டிருப்பான். தொடமாட்டேன். தொடமாட்டேன். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை.

காலடி. படியில் இறங்கி வந்தது. கதவில் நுஐம், முகம் செங்கல் நிறமாக, தோளில் பை.

"ஃபோன் சூட்டுல தானா அணைஞ்சிடுச்சு அண்ணி. ஃப்ரிட்ஜுல அஞ்சு நிமிஷம் வைங்க. மேல எல்லாம் முடிஞ்சது, மூடி போட்டுத் திருகிட்டேன். இனிப் போடலாம்."

"நுஐம். நீ தட்டினியா?"

"எதுக்குத் தட்டறேன்? அதான் வேணாம்னு சொன்னேனே."

"ரெண்டு தடவ. மூணு மூணா."

அவன் முகத்தில் அந்த மாலையில் கண்ட அதே பார்வை வந்தது. பையைக் கீழே வைத்தான். "அண்ணி, இங்க பாருங்க," என்று மெதுவாக ஆரம்பித்தான்.

டங். டங். டங்.

நுஐமின் கை எழுந்து கைப்பிடியை மேலே தள்ளிவிட்டது. அவன் தள்ளவில்லை, கைதான் தள்ளியது. வேலைக்குப் போன இடங்களில் அவளைப் போலக் கீழே நின்றவன் அவன்தான். எத்தனையோ வீடுகளில் அண்ணன் மேலே, தம்பி கீழே. மூன்று கேட்டால் யோசிக்காத கை அது.

உள்பெட்டியின் உதடு திறந்தது. குளிர்ந்த காற்று வந்தது.

"கேட்டுச்சா?" என்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குள் ஏதோ ஒன்று மகிழ்ந்தது. "கேட்டியா நுஐம்? நீயும் கேட்டதானே?"

அவன் ஆமென்று தலையசைத்தான். வாய் திறந்திருந்தது. கண் கூரையைப் பார்த்தது.

"மாடிக் கதவப் பூட்டிட்டுத்தான் வந்தேன்," என்றான்.

டங்.

ஒன்று.

இருவரும் குழாயைப் பார்த்தார்கள். உரித்த செம்பில் குளிர்நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது.

டங்.

ஒரு தட்டு என்றால் உடனே அணை.

அப்போது அவளுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று. அன்று கைப்பிடியைத் தள்ளியதும் குளிர்காற்று வந்தது. பழுது சரியாகிவிட்டது என்று நினைத்தாள். காலையிலிருந்து அடுப்படியில் வெந்திருந்தாள். தலைத்துணியைக் கழற்றிவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஏசிக்கு நேர் கீழே இந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தக் காற்றின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடம். சுகமாக.

டங்.

பாய்ந்து கைப்பிடியை நடுவுக்கு இழுத்தாள். உலோகம் உலோகத்தில் மோதியது. நடுவில் நின்றது. குளிர்காற்று நிற்கவில்லை.

டங். டங்.

"அணைங்க அண்ணி!"

"அணைச்சிட்டேன். பாரு. அணைச்சிட்டேன்."

ஒவ்வொன்றாக. அவசரமாக. பிறகு இடைவெளி விட்டு. பிறகு பலமில்லாமல். நுஐம் சுவரோடு சரிந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். அவள் பொத்தவில்லை. எவ்வளவு நேரம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். பத்து நிமிடம்.

திறந்த கதவு வழியாக அடுப்படி தெரிந்தது. ஃப்ரிட்ஜின் மேல், ஒரு வருடத் தூசிக்குள், அவர் வைத்தபடியே ஸ்பேனர் இருந்தது.