கடத்தல்காரர்கள் சமைத்த கீரை

"டிரைவரை உள்ளே தள்ளியாச்சு. அவன்தான் செஞ்சான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும், கேஸ் முடிஞ்சது," என்றார் ஜீவ்ராஜ். நைரோபியில் பாதி வீடுகளுக்கு அவருடைய ஆலைத் தகரம்தான் கூரை. யாரிடமும் கேட்டுப் பழகாத மனிதர், உத்தரவிட்டே பழகியவர்.

அவர் துப்புத் துலக்க அமர்த்தியிருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் வெகேசா தலையாட்டினார். அவருடைய உதவியாளர் செபெட்டால் அப்படித் தலையாட்ட முடியவில்லை. டிரைவர் முசியோகாவை லாக்கப்பில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வலது கை வீங்கித் தொங்கியது. "ஒத்துக்கிற வரைக்கும் தினம் பூசைதான்," என்று காவலன் அவளிடமே சிரித்துக்கொண்டு சொன்னான். பாவிகள்! இன்றைக்குள் உண்மை வெளிவராவிட்டால் அந்த மனிதனின் மற்றக் கையும் போய்விடும்.

நடந்தது இதுதான். ஜீவ்ராஜின் ஒரே மகன் பவினை யாரோ கடத்தினார்கள். கேட்ட பணம் போய்ச் சேர்ந்ததும், நகருக்கு வெளியே ம்லோலோங்கோவில் ஒரு வாடகை வீட்டில் கைகளை முன்பக்கம் கட்டிய நிலையில் அவன் கிடைத்தான். "மூணு பேரு. என் கண்ணைக் கட்டிட்டாங்க. ஒரு குரல் முசியோகாவோடது. தினமும் உகாலிக் களியும் கீரையும் அவங்களே சமைச்சுத் தின்னாங்க, எனக்குக் காய்ஞ்ச ரொட்டிதான்," என்பது அவன் வாக்குமூலம்.

செபெட் அந்த வீட்டின் குப்பைக்கூடையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டாள். சோளமாவுப் பைகள், சுக்குமா கீரைத் தண்டுகள், அழுகிய தக்காளி. அவ்வளவுதான்.

பவினின் அம்மா கஞ்சன்பென் தேநீர் கொண்டுவந்தார். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. சமண வீட்டுச் சாப்பாடு. மண்ணுக்கடியில விளையறது எதுவும் இந்தப் படியேறாது."

"முசியோகா எங்கே சாப்பிடுவான்?" என்றார் வெகேசா.

"கேட்டுக்கு வெளியிலதான். வெங்காய வாடை இவருக்கு ஆகாது."

வெகேசா கோப்பையைக் கீழே வைத்தார். "பவினைக் கூப்பிடுங்கம்மா."

பையன் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"செபெட், உங்க வீட்டுல சுக்குமா எப்படி வதக்குவீங்க?"

"இதென்ன கேள்வி சார்? முதல்ல எண்ணெய், அப்புறம் வெங்காயம்..." அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. "அடக் கடவுளே! கூடையில ஒரு வெங்காயச் சருகுகூட இல்ல சார்!"

"இந்த ஊர்ல அடுப்புப் பத்தவைக்கிற எவனும் வெங்காயமில்லாம கீரை வதக்க மாட்டான். அதுவும் மூணு பேரு, தினமும்! கடத்துறவன் என்ன தின்பான்னு யோசிச்சு மாவும் கீரையும் வாங்கி ஜோடிச்சது ஒரே ஆளு. பிறந்ததுலேர்ந்து வெங்காயத்தைத் தொடாத ஆளு. கடையில அதையும் எடுக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்ல. கையை முன்பக்கம் கட்டினா, முடிச்சைத் தானே பல்லால இறுக்கிக்கலாம். என்ன தம்பி?"

பவின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "பந்தயத்துல பணத்தை விட்டுட்டேன்... அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லணுமேன்னு..."

ஜீவ்ராஜ் எழுந்து கதவைச் சாத்தினார். "இது இந்த அறையோட இருக்கட்டும். டிரைவர் இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருக்கட்டும். அப்புறம் நானே பார்த்து ஏதாவது செய்றேன்."

"தினமும் எறும்புக்குச் சர்க்கரை போடுறீங்களே," என்றார் கஞ்சன்பென். "அந்த மனுசனோட எலும்பு உங்களுக்குக் கண்ணுல படலையா?" பிறகு மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "எழுந்திருடா. ஸ்டேஷனுக்கு வந்து உன் வாயாலயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன்."

ஜீவ்ராஜ் தடுத்துப் பார்த்தார். கஞ்சன்பென் நிற்கவில்லை.

மாலையில் முசியோகா கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தான். ஜீவ்ராஜ் கொடுத்தனுப்பிய தடித்த உறையைச் செபெட் கூச்சத்தோடு நீட்டினாள். பழைய வேலையும் உண்டாம் என்றாள்.

அவன் உறையைத் தொடவில்லை.

"கை எலும்பு கூடட்டும்மா. இந்தக் கையை அவர்கிட்ட நீட்டுறதா, ஓங்குறதான்னு அப்புறம் முடிவு பண்றேன்னு சொல்லுங்க."