இன்னிக்கு எத்தனை தடவை முட்டிச்சு?

அந்தக் கேள்வியைக் கடைக்காரன் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ரோஹிணி கேட்டது ஒரு பை பூனைத் தீனி, அவ்வளவுதான். பச்சை நிறப் பை, மேலே இலை படம், சுத்த சைவம். ஆன்லைனில் ஒரு வாரமாகக் கிடைக்கவில்லை. மேடவாக்கம் ஆபீஸிலிருந்து சேலையூர் வீட்டுக்குத் திரும்பும்போது ராஜகீழ்பாக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே செல்லப்பிராணிக் கடை. நல்லதாப் போச்சு என்று நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி உள்ளே நுழைந்தாள். கல்லாவில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்... தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான். அந்தத் தீனியை விற்பதில்லை என்றான்.

ஸ்டாக் இல்லையா, விற்க மாட்டீர்களா என்று இவள் மடக்கினாள். சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் இவளுக்குச் சம்பளமே. வெளியே வந்தாலும் அந்தப் புத்தி விடாது.

அவன் மெதுவாகக் கேட்டான்.

"உங்க பூனை இப்பல்லாம் எதுலயாவது முட்டிக்குதாங்க?"

"நான் தீனி கேட்டேன். ஜோசியம் கேக்கல."

மழை விடும்வரைகூட நிற்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். என்ன திமிர்... விற்கத்தானே கடை வைத்திருக்கிறான்? ஆனால் ஹெல்மெட்டுக்குள் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மழை மறைத்தது. அவன் கண்களில் இருந்தது திமிர் இல்லை, பயம் என்று அப்புறம்தான் உறைத்தது.

வீட்டில் பூனை சேமியா வழக்கம்போல அப்பா மடியில் கிடந்தது. வெள்ளை உடம்பில் மெல்லிய பழுப்புக் கோடுகள், அதனால் அந்தப் பெயர். பட்டாபிராமன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவருக்குப் பயந்தது, சேமியா மட்டும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கடித்து விளையாடியது.

ரோஹிணி ஒரு காகிதத்தைக் கசக்கி உருட்டிவிட்டாள். பூனை திரும்பவில்லை. ஹாலில் இருந்த டீப்பாயை ஒரு அடி நகர்த்தி வைத்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சேமியா குதித்து ஓடி வந்தது... நேராக வந்து டீப்பாய் காலில் நெற்றியை இடித்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து பாதத்தை நக்கியது. ட்யூப்லைட் வெளிச்சத்திலும் அதன் கண்மணிகள் கறுப்பாக விரிந்தே இருந்தன. ஒரு மாதமாக இது அலமாரியில் முட்டுவதையும் ஜன்னலுக்குத் தாவத் தவறுவதையும் பார்த்து, சோம்பேறி ஆயிட்டே என்று சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மறுநாள் காலையிலேயே லீவு போட்டாள். கடை திறக்கும்போது வாசலில் நின்றாள், கையில் பூனைக் கூடை.

"முட்டிக்குது" என்றாள்.

அவன் பெயர் பாலு. திறந்த ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு, மேடவாக்கத்தில் தனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் சந்திரிகாவிடம் அவனே வழிகாட்டி அழைத்துப் போனான். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். டாரின் என்று ஒரு சத்து, பூனைக்கு அது தன் உடம்பில் போதுமான அளவு ஊறாது, இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். இவ்வளவு நாள் கிடைக்காமல் விழித்திரை பாதி கெட்டுவிட்டது, இதயமும் லேசாக வீங்கியிருக்கிறது. போன பார்வை திரும்பாது. இன்றைக்கே சாப்பாட்டை மாற்றினால் மிச்சம் நிற்கும். மாற்றாவிட்டால் அதுவும் போகும், உயிரும் போகலாம்.

பதிவுச் சீட்டில் அப்பா பெயரை எழுதினாள். பாலு அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு ஏனோ வெளியே போய் நின்றுகொண்டான்.

கடைக்குத் திரும்பியதும் அவன் ஒவ்வொரு பையாகத் திருப்பிக் காட்டினான். முன்பக்கப் படத்தைப் பார்க்கவே கூடாது, பின்பக்கம்தான் படிக்கவேண்டும். பட்டியலில் முதலில் மீன் என்றோ கோழி என்றோ பெயரோடு இருக்கவேண்டும். மக்காச்சோளமோ கோதுமையோ முதலில் வந்தால் வைத்துவிட வேண்டும். டாரின் சேர்த்திருக்கிறதா, தேதி சரியா, இரண்டும் முக்கியம். திறந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பதை யார் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

"எங்க வீட்டுக்குள்ள முட்டைகூட வராதுங்க..." என்றாள்.

"நீங்க சாப்ட வேணாங்க. அது சாப்ட்டா போதும்."

அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் அழுகையும் வந்தது. அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பைகளை அடுக்க ஆரம்பித்தான்.

அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கறி, மீன் வாசலைத் தாண்டினால் அவர் என்ன செய்வார்? பூனையை வெளியே விட்டுவிடு என்றால்? பாதிக் குருடான பூனை தாம்பரம் வேளச்சேரி ரோட்டில் ஒரு நாள் தாங்குமா? அதனால் பாலு ஒரு நாளுக்கான தீனியைச் சின்ன டப்பாவில் அடைத்துத் தருவான். அவள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்து எடுத்துப் போய், அப்பா காலையில் பூஜையில் இருக்கும்போது கார் ஷெட்டில் வைத்துக் கொடுப்பாள். மணி அடிக்கும் சத்தம் நின்றால் இவள் நெஞ்சும் நின்றுவிடும்.

மாலையில் கடை வாசலில் வண்டி நிற்கும்போதே அவன் கேட்பான்.

"இன்னிக்கு எத்தனை தடவை முட்டிச்சு?"

"நாலு."

"நேத்து அஞ்சு. பரவால்லங்க."

போன பார்வை திரும்பாதுதான்... ஆனால் பூனை மீசையால் தடவித் தடவி வீட்டைக் கற்றுக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் மூன்றாயிற்று, இரண்டாயிற்று. எண்ணைச் சொல்லும்போது அவள் அவன் கண்ணைப் பார்ப்பதும், பார்த்ததும் இருவரும் மழையைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. டப்பா கைமாறும்போது விரல் பட்டால் அவளுக்குப் பயமாக இருந்தது. படாவிட்டால் அதைவிடப் பயமாக இருந்தது.

ஒரு மாலை, இனி ஒளிக்க முடியாது, அப்பாவை இங்கே அழைத்து வந்து நீங்களே விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பாலுவின் முகம் வெளுத்துப் போயிற்று.

"அவருக்கு என்னைத் தெரியும்ங்க. அந்தப் பச்சைப் பைய உங்கப்பாவுக்கு மாசாமாசம் வித்தவன் நான்தான்."

அவன் நிறுத்தாமல் சொன்னான். சேலையூர் காலனியில் நிறையப் பேர் கேட்டார்கள், வாங்கி வைத்தான். போன வருஷம் எட்மண்ட் என்கிற வாடிக்கையாளர், அதையே தின்று கண் போன தன் பூனையைத் தூக்கிவந்து இதே கல்லா மேல் விட்டார். அது நடந்து போய் விளிம்பில் நிற்கத் தெரியாமல் கீழே விழுந்தது. அன்றைக்கே மிச்சப் பைகளைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

"அப்புறம் அப்பா வந்து கேட்டப்போ?"

"ஸ்டாக் வரலைன்னு சொன்னேன்." அவன் கல்லா விளிம்பைத் தேய்த்தான். "சொன்னா கடை பேரு போயிடும்னு... பயந்துட்டேங்க."

ஸ்டாக் வரவில்லை. அதனால்தான் அவள் ஆன்லைனில் தேடித் தேடி அதே பையை வாங்கினாள், முழுசாக ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு பார்வை போயிருக்கும்? டப்பாவைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்ற வீம்பு மறுநாள் காலைவரைகூட நிற்கவில்லை. சேமியா விடியும்போதே ஷெட்டுக்கு வந்து, ஸ்கூட்டர் சீட்டைப் பிறாண்டிப் பிறாண்டிக் கத்தியது. பூஜை மணி நின்றது. பட்டாபிராமன் ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"சாவியக் குடு" என்றார்.

சீட்டைத் தூக்கினார். உள்ளே காலி டப்பா ஒன்று, மீன் வாசனை. ரோஹிணி எல்லாவற்றையும் கொட்டினாள், கண், இதயம், டாக்டர், பாலு, ஸ்டாக் வராத கதை. பூனையைத் துரத்திவிடாதேங்கோப்பா என்று முடித்தாள்.

அவர் கீழே உட்கார்ந்தார். பூனை அவர் முழங்காலை மீசையால் தொட்டுப் பார்த்து ஏறிக்கொண்டது.

"சைவம்தானேன்னு ரெண்டு தடவை கேட்டேன் அவன்கிட்ட. இதுக்கு நல்லதான்னு ஒரு தடவைகூடக் கேக்கலையேம்மா."

வெகுநேரம் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, ஷெட்டிலேயே தட்டு வைக்கச் சொன்னார், உள்ளே மட்டும் வேண்டாம். பையன் தப்பு செய்தான், ஆனால் அவனாகத்தானே சொன்னான் என்றார். "போய் வாங்கிண்டு வா. அது பசியில கத்தறது."

ராஜகீழ்பாக்கத்தில் மறுபடி மழை. கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது, மேலே பிளாஸ்டிக் கவர். பெரிய எழுத்தில் கையால் எழுதியிருந்தது: பூனைக்குச் சைவத் தீனி கூடாது, கண் போகும். இங்கே முன்பு வாங்கியவர்கள் தயவுசெய்து உள்ளே வந்து என்னிடம் பேசவும். தவறு என்னுடையது. பாலு.

உள்ளே அவன் அப்பா சிட்டிபாபு, பரம்பரை நிலத்தில் நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டவர், கத்திக்கொண்டிருந்தார். "இன்னாடா இது, உன் கடைக்கு நீயே பூட்டு போட்டுக்கினு கீற?" ரோஹிணியைப் பார்த்ததும் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

பாலுவின் கண்கள் சிவந்திருந்தன. எதுவும் கேட்காமல் நேற்றைய டப்பாவை நகர்த்தி வைத்தான். அவள் எடுக்கவில்லை.

"கேக்க மாட்டீங்களா?"

அவன் தயங்கினான். "...எத்தனை தடவை முட்டிச்சு?"

"ஒண்ணுகூட இல்ல. இருட்டு ஷெட்டுல நேரா வண்டிகிட்ட வந்துது. அப்பா மடியில நேரா ஏறிச்சு."

அவன் மூச்சு விட்டான். அவள் அவனைப் பார்க்காமல், கல்லா விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க மேல கோவம் இன்னும் போகல. போகுமான்னும் தெரியல. ஆனா ஒண்ணுகூட இல்லன்னு பார்த்ததும் வேற யார்கிட்டயும் சொல்லத் தோணல பாலு. உங்ககிட்ட சொல்லத்தான் மழையில ஓடி வந்தேன். அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு..."

"எனக்கும்தாங்க" என்றான் அவன். "முத நாள் நீங்க துப்பட்டாவ பிழிஞ்சிக்கினு நின்னீங்களே, அப்பலேருந்து."