பெடலுக்கும் பாறைக்கும் நடுவே

அன்று தூறல் இருந்ததா, இல்லையா... டிடெக்டிவ் ஹூரியாவுக்கு இன்றும் குழப்பம்தான்.

உடல் கிடந்தது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது.

ரோட்டோருவா நகரை ஒட்டிய காட்டுச் சைக்கிள் பாதை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் டோபி. இரண்டு கைகளும் முறிந்து, தொடை கிழிந்து... பக்கத்தில் அவன் சைக்கிள்.

மேலே, மேட்டை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்த பாறையில் ஆரஞ்சு நிறக் கீறல். டோபியின் பெடல் நிறம்.

மறுநாள் அதே இடத்துக்குக் கிராண்ட் பில்ப்ரோவை வரவழைத்தாள். சைக்கிள் கம்பெனி முதலாளி. டோபி அவரிடம் புது மாடல்களை ஓட்டிப் பார்த்துச் சொல்பவன். உடலை முதலில் பார்த்ததும் பில்ப்ரோதான்.

"பாரும்மா, இதெல்லாம் உனக்குப் புரியாது."

"அம்மா வேண்டாம். ஹூரியா போதும். புரியற மாதிரி சொல்லுங்க."

பில்ப்ரோ சலிப்போடு, அதே மாடலில் வேறொரு சைக்கிளின் ஷாக் அப்சார்பர் அருகே இருந்த சின்ன அலுமினியக் கட்டையைக் காட்டினார்.

"இதைத் திருப்பிப் போட்டா பிரேம் தாழும். முன்பக்கம் நல்லா சாயும். வேகமா இறங்கினாலும் ஆட்டம் இருக்காது."

"பெடல்?"

"அதுவும் கொஞ்சம் தாழும். ஆனா டோபி வண்டி உயர நிலையில இருந்துச்சு. நீங்களே பார்த்தீங்க. உயரத்துல இருந்தா எந்த ஆபத்தும் இல்ல. அவனுக்கு ஓட்டத் தெரியல. அவ்வளவுதான்."

செத்தவனைக் குறை சொன்ன அந்த வாயை ஹூரியா சற்று நேரம் பார்த்தாள். பிறகு அந்தச் சைக்கிளில் ஏறினாள்.

கட்டை உயர நிலையில். ஒரு பெடலைக் கீழே வைத்துப் பாறையைக் கடந்தாள்.

உரசவில்லை.

இறங்கி, கட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏறினாள்.

கிர்ர்ர்...

வண்டி பள்ளத்துப் பக்கம் துள்ளியது. காலை ஊன்றிச் சமாளித்தாள்.

"உயர நிலையில பெடல் பாறையைத் தொடவே இல்ல. அப்போ அந்தக் கீறல் எப்படி வந்துச்சு?"

பில்ப்ரோ பாறையைத் தொட்டுப் பார்த்தார். "அவனே அப்புறம்... மாத்தியிருப்பான்."

"ரெண்டு கையும் உடைஞ்சவன் ஆலன் கீ பிடிச்சு போல்ட்டைக் கழட்டினானா?"

ஹூரியா சைக்கிளை மேட்டில் சாய்த்து வைத்தாள்.

"நேத்து லேப்ல அவன் வண்டியைப் பிரிச்சாங்க. கட்டையோட உள்பக்கத்துல ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகை உங்களுது... ரத்தம் டோபியுது."

"சனிக்கிழமை இந்த மாடலை வெளியிடறோம். தாழ்வு நிலை ரொம்பத் தாழ்வுன்னு அவன் புலம்பிக்கிட்டே இருந்தான். இது வெளிய தெரிஞ்சா கம்பெனியே போயிடும்..." பில்ப்ரோ கீழே பார்த்தார். "நான் வந்தப்பவே செத்துட்டான். செத்தவன் வண்டியைத் தொட்டது கொலையா?"

"டாக்டர் வேற மாதிரி சொல்றாரு. கொஞ்சம் முன்னாடி போன் வந்திருந்தா ஹெலிகாப்டர்ல தூக்கிப் பிழைக்க வெச்சிருக்கலாமாம்."

"அவன் தண்ணிதான் கேட்டான்! போன் பண்ணச் சொல்லவே இல்ல..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது பில்ப்ரோவுக்கு உறைத்தது.

ஹூரியா காறித் துப்பினாள்.

"நீங்க எதையும் தொடாம போன் மட்டும் பண்ணியிருந்தா, இது வெறும் விபத்து. கையில ஆலன் கீ, பையில போன்... எதை எடுத்தீங்க பாருங்க."

அந்த மாடல் சந்தைக்கு வரவே இல்லை. கம்பெனி மூடப்பட்டது. டோபியை ஏரிக்கரைக் கல்லறையில் புதைத்தார்கள். ஹூரியா இன்னும் தன் பழைய சைக்கிளைத்தான் ஓட்டுகிறாள்.

பில்ப்ரோ சிறையில். அடுக்குக் கட்டிலில் அவருக்குக் கிடைத்தது மேல் படுக்கை.

உயரத்தில் இருந்தால் எந்த ஆபத்தும் இல்லையாமே!